திட்டு, டோஸ், மெமோ, ரெப்ரிமாண்ட்: கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி): ரெப்ரிமாண்ட் என்றால் திட்டுவதுதானே சார்? ஸ்கோல்ட் என்றே போட்டால் என்ன?

பதில்: ரெப்ரிமாண்ட் செய்ய ஒரு பதவி வேண்டும். தாசில்தார் எழுத்தரைச் செய்யலாம். மாமியார் மருமகளை ஸ்கோல்ட்தான் செய்ய முடியும். குரல் உயரவே வேண்டாம், ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். அழுத்தி அடக்கு என்ற லத்தீன் வேர், பிரெஞ்சு வழியாக வந்தது. உச்சரிப்பில் முதல் அசைக்கு அழுத்தம்: 'ரீ' அல்ல, 'ரெப்'. ஸ்கோல்ட் வேறு வழி. பழைய நார்ஸ் மொழியில் ஸ்கால்ட் என்றால் புலவர், அவர்கள் பாடிய வசைப்பாட்டிலிருந்து வந்த சொல் என்பார்கள். நமக்குக் காளமேகம் மாதிரி!

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனி ஹெச்.ஆருக்குப் புகார் எழுதுகிறேன். 'சூப்பர்வைசர் ஸ்கோல்டட் ஆன் மீ' சரியா?

பதில்: 'என் மேல கத்துனாரு' என்பதிலிருந்து அந்த 'ஆன்' ஒட்டிக்கொள்கிறது, எடுத்துவிடுங்கள். 'ஸ்கோல்டட் மீ ஃபார் கமிங் லேட்' போதும். ஷௌட் மட்டும் 'அட்' கேட்கும். 'ஷௌட்டட் டு மீ' என்றால் தூரத்தில் நின்றவரைக் கூவி அழைத்ததாகிவிடும்.

முக்கியமானது வேறு. கெட்ட வார்த்தை சொன்னாரா? அப்படியானால் ஸ்கோல்ட் போதாது. தமிழில் இரண்டுக்கும் 'திட்டினார்' செல்லும், ஆங்கிலத்தில் செல்லாது. லேட்டாக வந்ததற்குக் கண்டித்தார் என்றே ஹெச்.ஆர். படிப்பார், புகார் அங்கேயே நீர்த்துப்போகும். 'யூஸ்டு அப்யூசிவ் லாங்வேஜ்' என்று எழுதி, சொன்ன தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்களையும் சேருங்கள்.

கேள்வி (கம்மவான்பேட்டை): தம்பியின் ராணுவ ஆவணத்தில் 'சிவியர் ரெப்ரிமாண்ட்' என்றிருக்கிறது. திட்டினதையெல்லாமா எழுதி வைப்பார்கள்?

பதில்: அது திட்டு அல்ல, தண்டனை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 71ஆம் பிரிவிலுள்ள தண்டனைப் பட்டியலில் ரெப்ரிமாண்ட், சிவியர் ரெப்ரிமாண்ட் இரண்டும் இருக்கின்றன. அதிகாரிகள், ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி), வாரண்ட் ஆபீசர், என்.சி.ஓ. (ஹவில்தார், நாயக் போன்றவர்) ஆகியோருக்கு உரியவை. தமிழில் 'கடும் கண்டனம்' என்று எழுதுங்கள்.

கேள்வி (வேலூர்): அரசு அலுவலகத்தில் 17(ஏ) மெமோ வாங்கினால் ரெப்ரிமாண்ட் ஆனதாகச் சொல்லலாமா?

பதில்: கூடாது. ஆங்கிலத்தில் மெமோ வெறும் அலுவலகக் குறிப்பு. இங்கே 17(ஏ) என்பது குற்றச்சாட்டுக் கட்டம், விளக்கம் கேட்பார்கள். அது முடிந்து தரும் சிறு தண்டனைகளில் மிக லேசானது சென்ஷர், அதாவது கண்டனம். உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

கேள்வி (ஆரணி): 'மேனேஜர் டோஸ் விட்டார்', 'ஃபயர் பண்ணார்' என்கிறோமே?

பதில்: டோஸ் ஆங்கிலத்தில் மருந்தளவுதான், திட்டு அல்ல. 'ஃபயர்டு மீ' என்று எழுதினால் வேலையே போய்விட்டதாக அர்த்தம்! பேச்சுக்கு 'டோல்ட் மீ ஆஃப்' சரி.

கேள்வி (சத்துவாச்சாரி): டங் லாஷிங்?

பதில்: லாஷ் என்றால் சாட்டையடி. 1806இல் புதிய தலைப்பாகையை மறுத்த வேலூர்ச் சிப்பாய்கள் வாங்கியது நிஜ லாஷ். டங் சேர்ந்தால் நாக்கால் விளாசுவது. 'கேவ் ஹிம் எ டங் லாஷிங்' என்று பேச்சில் வரும், ஆபீஸ் கடிதத்தில் வேண்டாம்.