ஒரே நாளில் திரியுண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்டோபரில் பன்னிரண்டு பேராக இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவுக்குச் செல்கிறோம், எங்கள் வயது 30 முதல் 58 வரை. திரியுண்ட் மலைமுகட்டுக்கு ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம் என்கிறார்கள். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் எங்களில் இருக்கிறார்கள். துணியலாமா?

பதில்: தாராளமாகத் துணியலாம், ஆனால் கடிகாரத்தை மதிப்பவர்களாக இருக்க வேண்டும். தர்மசாலாவின் மேல்பகுதியான மெக்லியோட்கஞ்சுக்கு மேலே, தரம்கோட் கிராமத்தைத் தாண்டி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல்லு தேவி கோயில் வரை வாடகை வண்டி போகும். அங்கிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்திலுள்ள திரியுண்டுக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நடை. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இரண்டரை மணி நேரத்தில் மேலே சேர வேண்டும். அது நிற்காமல் நடக்கும் தேர்ந்த கால்களுக்கான கணக்கு. ஒருவர் ஷூ கயிறு கட்டக் குனிந்தால் பன்னிரண்டு பேரும் நிற்பதுதான் குழுவின் இயல்பு என்பதால், நீங்கள் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து புறப்பட்டால் பதினொன்றுக்கு மேலே இருக்கலாம். எங்கே இருந்தாலும், முகடு கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிந்தாலும், பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று முந்தின இரவே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும். அக்டோபரில் ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும், ஓக் மரங்களுக்கிடையே அதற்கு முன்பே வெளிச்சம் குறையத் தொடங்கும்.

பெரும்பாலான குழுக்களில் நான் கண்ட தவறு வேறொன்று. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஆக, ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் விடுங்கள். அவர் நடையே எல்லோருக்கும் வேகம். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வர வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது.

கேள்வி: மூச்சுத் திணறல் வருமா? ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாத சுமை. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு என்பதால் மூச்சு வாங்கத்தான் செய்யும். உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல், சில மணி நேரம் தங்கிய பிறகே தலைகாட்டும்; நீங்களோ அன்றே இறங்கிவிடுகிறீர்கள். மெக்லியோட்கஞ்சில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுவது நல்லது. தலைவலியோடு வாந்தியும் வந்தால், துணைக்கு ஒருவரோடு உடனே கீழே இறங்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம்.

கேள்வி: என் முழங்கால்தான் கவலை. ஏறுவதற்கு என்ன பயிற்சி செய்வது?

பதில்: ஏறுவதைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். முகட்டுக்குச் சற்றுக் கீழே, 'இருபத்திரண்டு வளைவுகள்' என்று அழைக்கப்படும் செங்குத்தான பகுதியில், உருளும் கற்களின் மேல் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வலி அன்று பெரிதாகத் தெரியாது. அடுத்த ஓரிரு நாள்களில் படியிறங்கும்போது தெரியும். ஆகையால் ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படிகளில் ஏறுவதோடு நிதானமாக இறங்கியும் பழகுங்கள். கைத்தடி ஒன்று கட்டாயம். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலை ஷூவின் பின்புறம் நன்றாகத் தட்டி அமர்த்தி, கணுக்கால் பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னே சரிந்து, பெருவிரல் நகம் கறுத்துப்போகும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது, மேலே காற்றில் உடல் நடுங்கும். மாற்றுச் சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் பையில் இருக்கட்டும். வழியில் தேநீர்க் கடைகள் உண்டு என்றாலும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுமந்தே செல்லுங்கள்.

கேள்வி: அக்டோபருக்குப் பதிலாக ஜூலையில் போனால் பசுமையாக இருக்குமே?

பதில்: பசுமையாக இருக்கும், மேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. காங்ரா பள்ளத்தாக்கிலிருந்து தவுலாதார் மலைத்தொடர் சட்டென்று சுவர்போல் எழுவதால், பருவமழை மேகம் அங்கேயே மோதிக் கொட்டிவிடுகிறது. இமாச்சலத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் தர்மசாலாவும் ஒன்று. வானிலை எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்துக்குத் தடை விதிப்பதும் உண்டு. ஆகவே எந்த மாதமானாலும் முந்தின நாள் மாலை விசாரித்துக்கொள்ளுங்கள். பசுமையைவிட நிறம் வேண்டுமென்றால் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் போகலாம்: வழியெங்கும் புராஞ்ச் எனப்படும் ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவக்கப் பூத்திருக்கும், தவுலாதார் உச்சிகளில் பனியும் மிச்சமிருக்கும்.