நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தை எப்படிச் சமாளிப்பது?

கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், அவர் போனை எடுக்காவிட்டால் ‘நம்மை வேண்டாமென்று நினைத்துவிட்டாரோ’ என்று பதறுகிறது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவரும் எரிச்சல்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா மலேசியாவில், நான் காரைக்குடிப் பக்கத்தில் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் என்று வளர்ந்தவள் நான். இந்தப் பதற்றம் எனக்கும் பழக்கம்.

எங்கள் பக்கம் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்களின் ஆச்சிமார் வருஷக்கணக்கில் பொறுத்திருக்கவில்லையா?” கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து தொழில் பார்க்கப் போவது, ஆச்சிமார் என்றால் செட்டியார் வீட்டுப் பெண்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை. அங்குள்ள வட்டிக்கடைக்கு முகவராகக் கப்பலேறியவருக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்தால் ஊருக்கு வருவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வளவு என்கிற பெரிய கூட்டு வீடு நிறைய ஆளும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்களில் எத்தனை பேர் உள்ளறையில் தனியாக அழுதார்களோ, அதை யார் கேட்டது? அவர்கள் பொறுத்துக்கொண்டதில் ‘எப்போது வருவார்’ என்ற தெளிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உங்களுக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்குத் தன்னை வளர்ப்பவரோடு உண்டாகும் பிணைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுத் தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தார். அழுத குழந்தைகளில் பல, தாய் வந்து தூக்கியதும் சமாதானமாகிவிட்டன. சில மட்டும் தாயை இறுகப் பற்றிக்கொண்டே கோபமாய் உதைத்தன, எளிதில் அடங்கவில்லை. வளர்ந்த பிறகு நாம் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் இந்தப் பார்வையைக் காதல் உறவுகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஆகவே இது உங்கள் குணக்கேடு இல்லை. சிறுவயதில் இப்படி இருந்தவர்கள் கடைசிவரை இப்படித்தான் என்பதும் இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். “என்மேல் பாசம் இருக்கிறதா?” என்று கேட்டு “இருக்கிறது” என்ற பதில் வந்தால் மனம் கொஞ்ச நேரம் ஆறும். பிறகு பயம் மறுபடி தலைதூக்கும், இன்னொரு முறை கேட்கச் சொல்லும். கேட்கக் கேட்க அந்தப் பதில் தாங்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், “இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை பேசிவிடலாம், முடியாவிட்டால் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்” என்று பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வரும்வரை கூப்பிடாமல் இருந்து பாருங்கள். முதலில் நெஞ்சு படபடக்கும், கை போனைத் தேடும். மூச்சை மெதுவாக விட்டு, எழுந்து ஏதாவது வேலையில் கையை வையுங்கள். கூப்பிடாமலேயே படபடப்பு தணிவதை உடம்பு சில தடவை அனுபவித்துவிட்டால் பயத்தின் பிடி தளரும். வேண்டுமென்றே பேசாமல் இருந்து அவர் தேடுகிறாரா என்று சோதிப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். “இன்று பயமாக இருக்கிறது, கொஞ்சம் பேசுங்கள்” என்று நேராகச் சொல்வது எவ்வளவோ மேல்.

அவருக்குத் தனியாக இருக்க நேரம் தேவைப்படலாம். செட்டிநாட்டில் கல்யாணமான மகனை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்போடு வேறு வைப்பார்கள். அதைக் கைவிட்டதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவர் கேட்கும் இடைவெளியையும் அப்படிப் பார்க்க முடிகிறதா என்று யோசியுங்கள்.

ஆனால் அவரே ஒவ்வொரு சண்டையிலும் “விட்டுப் போய்விடுவேன்” என்று மிரட்டுகிறார், நாள்கணக்கில் பேசாமல் தண்டிக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது உங்கள் பயம் நியாயமானது. மாற வேண்டியது அவர் நடத்தை. பெற்றவர்களிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அதைச் சொல்லிவிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடுகிறது என்றாலோ, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், இங்கே எழுதிய கேள்வியையே அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.