மிதி கால்வாயின் லாக்குகள் ஏன் முட்டை வடிவில் இருக்கின்றன?

பிரான்சின் தெற்கே, துலூஸிலிருந்து தோ ஏரி வரை 240 கி.மீ. ஓடும் கால்வாய் இது. லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டி. கால்வாயைக் கட்டிய ரிக்கே முதலில் நேர்ச்சுவர் வைத்துதான் லாக் கட்டினார், சுவர் சரிந்தது. காரணம் எளிது. தொட்டி காலியாகும்போது உள்ளே தண்ணீரின் தாங்கல் போய்விடும், வெளியே ஈரமண் அழுத்திக்கொண்டே இருக்கும். நேர்ச்சுவர் உள்பக்கம் வயிறு தள்ளிவிடும். சுவரை மண்பக்கமாக வளைத்தால் அதே அழுத்தம் கற்களை ஒன்றோடொன்று இறுக்குகிறது. படுக்க வைத்த வளைவுப் பாலம்தான் அது. கதவருகே சுமார் 6 மீட்டர் அகலம், நடுவில் 11 மீட்டர். இதன் விலை: ஒவ்வொரு முறையும் கூடுதல் தண்ணீர் செலவாகும்.

உண்மையில் தண்ணீர்தான் பெரிய சவால். ஒவ்வொரு படகும் மேட்டிலிருந்து நீரைக் கீழே இறக்கிவிடுவதால், உச்சியான நொரூஸுக்கு (189 மீட்டர் உயரம்) ஆண்டு முழுக்க நீர் வந்தாக வேண்டும். கருமலை என்னும் மலைத்தொடரின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பியதும், கோடைக்கென செயின்ட் ஃபெரியோலில் அணை கட்டியதும்தான் ரிக்கேயின் மேதைமை என்பேன். 1666இல் அரசாணை, 1680இல் அவர் மறைவு, மறு ஆண்டு திறப்பு. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இன்றைய கவலை கரையோரம் நிற்கும் பிளேன் (plane) என்ற நிழல்மரங்கள். பூஞ்சை நோய் தாக்கிய மரத்துக்கு மருந்தில்லை, வெட்டி எரிக்கத்தான் வேண்டும். வேர் போனால் கரைமண்ணின் பிடியும் தளரும்.