போக ஐந்தரை மணி நேரம், வர பதினைந்தரையா?

கேள்வி: ஜனவரியில் அம்மா சென்னையிலிருந்து லண்டனுக்குத் தனியாகப் போகிறார், நேரடி விமானம். காலை 5.30க்குப் புறப்பட்டு அன்றே காலை 11.00க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது பகல் 1.30க்கு ஏறினால் மறுநாள் காலை 5.00க்குத்தான் சென்னை. உண்மையில் எத்தனை மணி நேரம்? வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர், அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: போக 11 மணி நேரம், வர 10. டிக்கெட்டில் நீளமாகத் தெரியும் பயணம்தான் உண்மையில் சின்னது!

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடிகாலை 5.30 என்றால் அங்கே நள்ளிரவு 12. முள் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், ஏறக்குறைய லண்டன் நேரம் தெரியும். சின்ன முள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். அப்போது இந்த வித்தை பலிக்காது.

தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம் சொச்சம்தானே வருகிறது என்பீர்கள். அந்த 8,200, உலக உருண்டையில் இரு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். விமானம் அந்த நூல்மேலேயே போவதில்லை. தடை உள்ள வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போகும். வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்கு உருளும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும்.

அப்புறம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு ஒன்று உண்டு. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் மூர்க்கம். போகும்போது எதிர்காற்று, வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். அந்த ஒரு மணி நேர வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான்.

துபாய் வழியாகப் போனால் தூரம் ரொம்ப அதிகமாகிவிடாது: துபாய் வரை சுமார் 2,900 கிலோமீட்டர், பிறகு 5,500. அங்கே உட்கார்ந்து காத்திருப்பதில்தான் நேரம் போகும். முதல்முறை தனியாகப் போகிறவருக்கு நேரடி விமானமே நல்லது. சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கட்டணம் கிடையாது.

சரி, மாத்திரை. கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். செல்போன் இறங்கியதும் தானாகவே லண்டன் நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்பினால் வேளை குழம்பும். கையில் ஒரு முள் கடிகாரம் கட்டிவிடுங்கள், முதல் நாள் முழுக்க இந்திய நேரத்திலேயே ஓடட்டும். அவர் இறங்கும்போது அதில் மாலை 4.30 காட்டும். இரவு 8.30 மாத்திரைக்கு லண்டனில் பகல் 3 மணி. இன்சுலின் போடுகிறவர் என்றால் மட்டும் இந்தக் கணக்கு போதாது, கிளம்பும் முன் மருத்துவரிடம் நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.