லாஜிக் ஐசியின் வெளியீட்டில் மின்தேக்குச் சுமை: கேள்வி-பதில்

கேள்வி: 74எச்சி04 என்ற (எச்சி குடும்பத்து இன்வெர்ட்டர், அதாவது உள்ளீட்டைத் தலைகீழாக்கும்) லாஜிக் ஐசியின் டேட்டாஷீட்டில் வெளியீட்டுச் சுமை 50 பிகோஃபாரட் என்று உள்ளது. அதைத் தாண்டினால் ஐசி கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. அது வரம்பு அன்று; தாமத நேரத்தை (உள்ளீடு மாறியபின் வெளியீடு மாற ஆகும் நேரத்தை) அளந்தபோது வெளியீட்டில் இணைத்திருந்த சோதனைச் சுமை. 74எச்சி244 பஃபருக்குச் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் ஐசிக்குச்) சில டேட்டாஷீட்டுகள் 150 பிகோஃபாரட்டுக்கும் தனி அட்டவணை தருகின்றன. சுமை கூடும்போது துடிப்பின் விளிம்பு சாய்ந்து, தாமதம் நீளும். உண்மையான வரம்பு அடுத்த ஐசியின் உள்ளீட்டில்தான் இருக்கிறது: சாதாரண எச்சி உள்ளீடு 4.5 வோல்ட்டில் 500 நானோவிநாடிக்கு மேற்பட்ட ஏற்ற நேரத்தை ஏற்காது; குறிப்பாகக் கிளாக் (துடிப்புகளை எண்ணும்) உள்ளீடாக இருந்தால், மெதுவாக ஏறும் ஒரே விளிம்பை அது இரண்டாக எண்ணிவிடக்கூடும். அவ்விடத்தில் ஷ்மிட் உள்ளீடு (ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் மாறும் உள்ளீடு) கொண்ட 74எச்சி14 பொருத்தமானது.

கேள்வி: இரைச்சலைக் குறைக்க வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மின்தேக்கிக்கு உரிய இடம் ஐசியின் சப்ளை முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே. வெளியீட்டின் உள்மின்தடையை ஏறத்தாழ 50 ஓம் என்று கொண்டால், 5 வோல்ட்டில் ஒவ்வொரு மாற்றத்தின் தொடக்கத்திலும் 100 மில்லியாம்பியர் பாயும். தொடர்ந்து பாயும் மின்னோட்டத்துக்கு 74எச்சி04 போன்ற சாதாரண எச்சி வெளியீடு அனுமதிக்கும் உச்சமோ 25 மில்லியாம்பியர்தான். எப்போதாவது ஒருமுறை மாறும் வெளியீடு இதைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி வடிவமைப்பது முறையன்று. தவிர்க்கவே முடியாவிட்டால் 220 ஓம் மின்தடையைத் தொடரில் இணையுங்கள். தொடக்க மின்னோட்டம் 23 மில்லியாம்பியருக்குள் அடங்கும், ஆனால் நேர மாறிலி 22 மைக்ரோவிநாடியாகிவிடுவதால் 10 கிலோஹெர்ட்ஸ் துடிப்பே வடிவிழந்து வரும்.

கேள்வி: ஐ2சி பஸ்ஸின் (ஐசிகள் இரு கம்பிகளில் தரவு பரிமாறும் இணைப்பின்) 400 பிகோஃபாரட் வரம்பும் இத்தகையதுதானா?

பதில்: இல்லை, இது விதிமுறையே வகுத்த வரம்பு. அங்கு ஐசி கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே செய்கிறது. மேலே ஏற்றுவது, கம்பியைச் சப்ளையுடன் இணைக்கும் புல்-அப் மின்தடை. 400 கிலோஹெர்ட்ஸில் ஏற்ற நேரம் 300 நானோவிநாடிக்குள் இருக்க, 400 பிகோஃபாரட்டுக்கு மின்தடை சுமார் 885 ஓமைத் தாண்டக்கூடாது. ஆனால் 3.3 வோல்ட்டில், 3 மில்லியாம்பியர் மட்டுமே இழுக்கும் ஐசி கம்பியை 0.4 வோல்ட்டுக்கு இறக்க வேண்டுமானால் அந்த மின்தடை 967 ஓமுக்குக் குறையவும் கூடாது. இரண்டையும் ஒரே மின்தடையால் நிறைவேற்ற முடியாது. எனவே 200 பிகோஃபாரட்டுக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஆசிலோஸ்கோப் புரோபை வைத்தவுடன் துடிப்பு மழுங்குவது ஏன்?

பதில்: புரோபின் சுவிட்சைப் பாருங்கள். 1 மடங்கு நிலையில் புரோபே சுமார் 100 பிகோஃபாரட் சுமை; 10 மடங்கு நிலையில் அது 10 முதல் 15 பிகோஃபாரட் வரைதான்.