கியர் வெட்டும் இயந்திரத்துக்கு எந்தச் சுங்கத் தலைப்பு? இறக்குமதியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்னைத் துறைமுகம் வழியாக வரும் இயந்திரக் கருவிகளுக்கு இறக்குமதி ஆவணங்கள் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். கியர் பட்டறை நடத்துபவர்களும் கொள்முதல் பிரிவினரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இங்கே வரும் நான்கு இலக்க எண் சுங்கப் பட்டியலில் பொருளின் தலைப்பு; புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சேர்ந்தால் துணைத்தலைப்பு.

கேள்வி: ஐயா, ஜப்பானிலிருந்து ஒரு கியர் ஷேப்பர் வாங்குகிறோம். விலைப்பட்டியலில் 'ஷேப்பிங் இயந்திரம்' என்றிருப்பதால் 8461.20 என்று பதியலாம் என்கிறார் எங்கள் சுங்க முகவர். அது சரியா?

சரியில்லை. 8461.40 என்பதே அதற்குரிய துணைத்தலைப்பு. தட்டையான பரப்புகளையும் காடிகளையும் செதுக்கும் பொதுவான ஷேப்பிங், ஸ்லாட்டிங் இயந்திரங்களுக்கே 8461.20 பொருந்தும். எட்வின் ஃபெல்லோஸ் 1890களில் அமெரிக்காவில் உருவாக்கிய கியர் ஷேப்பரில் வெட்டும் கருவியே ஒரு பல்சக்கரத்தின் வடிவில் இருக்கிறது. அது மேலும் கீழுமாக இயங்கிக்கொண்டே, வெட்டப்படும் உருளையோடு பல்லுக்குப் பல் பொருந்திச் சுழல்வது போல மெல்லச் சுழன்று, பல்லின் வளைவை உண்டாக்குகிறது. இயக்கம் ஷேப்பிங்கை ஒத்திருந்தாலும், இயந்திரம் கியர் வெட்டுவதற்கென்றே கட்டப்பட்டிருப்பதால் 'கியர் வெட்டுதல், கியர் கிரைண்டிங், கியர் ஃபினிஷிங்' என்ற தனி வரியே அதற்குரியது. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்து ஹெர்மன் ஃபாட்டர் 1897இல் காப்புரிமை பெற்ற ஹாப்பிங் (ஹாப் எனும் திருகு வடிவக் கருவி சுழன்று பல் வெட்டும்) முறையில் இயங்கும் இயந்திரங்களும் அங்கேதான் வருகின்றன. மாறாக, சாதாரண மில்லிங் இயந்திரத்தில் டிவைடிங் ஹெட் (வேலைப்பொருளைச் சம அளவாகத் திருப்பித் தரும் துணைக்கருவி) பொருத்தி நீங்கள் கியர் வெட்டினாலும், அந்த இயந்திரம் 8459இல் உள்ள மில்லிங் இயந்திரமே. டிவைடிங் ஹெட் தனியாக வந்தால் 8466.30.

கேள்வி: இரண்டு துணைத்தலைப்புக்கும் அடிப்படைத் தீர்வை 7.5 விழுக்காடுதானே? மாற்றிப் பதிந்தால் யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் உங்களுக்குத்தான். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் சலுகையை நீங்கள் கோரினால், தோற்றச் சான்றிதழில் உள்ள குறியீடும் உங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தில்) உள்ள குறியீடும் ஒத்துப்போக வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அந்தப் பொருள் எப்படி ஜப்பானியப் பொருளாயிற்று என்ற விவரத்தையும் இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். சேமித்த தீர்வையைப் போல ஆறு மடங்கை ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்வதாக ஒப்புக்கொள்ளும் இ.பி.சி.ஜி. (ஏற்றுமதிக்கான மூலதனப் பொருள் இறக்குமதிச் சலுகை) திட்டத்திலும், உரிமத்தில் எழுதிய இயந்திரமும் இறங்கிய இயந்திரமும் ஒன்றே என்று காட்ட வேண்டும். இப்படியொரு முரண்பாட்டால் ஓர் இயந்திரம் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்று, தேக்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி: கியர் கிரைண்டிங் இயந்திரம் கிரைண்டிங் தலைப்பான 8460இல் வராதா?

வராது. கியர் வெட்டும், கிரைண்டிங் செய்யும், ஃபினிஷிங் செய்யும் இயந்திரங்கள் நீங்கலாக என்று 8460இன் வாசகமே விலக்கிவிடுகிறது. கியர் ஹோனிங்குக்கும் (உரைகல்லால் பல்லை மெருகேற்றும் வேலைக்கும்) இதே விடைதான். ஆனால் உலோகத்தைச் சீவி நீக்காமல், அழுத்தி உருட்டியே பல்லை உருவாக்கும் இயந்திரம் 8461இல் நிற்காது. அது 8463க்குப் போகும்.

கேள்வி: நாங்கள் பார்க்கும் டர்ன்-மில் (கடைசலும் மில்லிங்கும் செய்யும்) இயந்திரத்தில் பவர் ஸ்கைவிங் (கருவியும் வேலைப்பொருளும் இசைந்து சுழன்று பல்லைச் சீவும் முறை) வசதி உண்டு. அது லேத்தா (கடைசல் இயந்திரமா), மெஷினிங் சென்டரா, கியர் இயந்திரமா?

இன்று அதிகமாகத் தகராறு எழும் இடம் இதுதான். எனவே பொறுமையாகப் பார்ப்போம். 8457இன் மெஷினிங் சென்டர் என்பது கருவியைத் தானே மாற்றிக்கொண்டு வெவ்வேறு வகை வேலைகளைச் செய்யும் இயந்திரம். ஆனால் டர்னிங் சென்டர் உள்ளிட்ட லேத்துகளை அத்தியாயக் குறிப்பு அதிலிருந்து நீக்கியிருக்கிறது. ஆகவே கடைசல் வேலைக்காகக் கட்டப்பட்டு, ஸ்கைவிங் என்பது கூடுதல் மென்பொருளாகவும் கூடுதல் கருவியாகவும் மட்டுமே வந்தால், 8458 என்பதே என் தீர்மானம். கருவிச் சுழல்தண்டையும் வேலைப்பொருளின் சுழல்தண்டையும் துல்லியமாக இசைவித்து கியர் வெட்டுவதையே மையமாகக் கொண்டு கட்டப்பட்டு, கருவி மாற்றி ஸ்கைவிங் கருவிகளை மட்டும் மாற்றித் தருமானால், கருவி மாற்றி இருக்கிறது என்பதற்காக அது மெஷினிங் சென்டர் ஆகிவிடாது, அது 8461.40. வயர்-கட் (கம்பியில் எழும் மின்பொறியால் வெட்டும்) இயந்திரத்தில் கியர் வெட்டினால் 8456. மற்ற இயந்திரக் கருவித் தலைப்புகளை விட அதற்கு முன்னுரிமை தரும் குறிப்பு தெளிவாகவே இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இயந்திரமாக இருந்தால், வாங்கும் முன்பே மும்பையிலோ புது டில்லியிலோ உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகுங்கள். விவர அட்டை, சுழல்தண்டுகளின் திறன், கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள செயல்பாடுகள் ஆகியவற்றை இணைத்துக் கேளுங்கள். சட்டமோ உண்மைகளோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு மூன்று ஆண்டுகள் செல்லும்.

கேள்வி: இயந்திரத்தோடு வரும் ஹாப், கிரைண்டிங் சக்கரம், உதிரிகள் எல்லாவற்றையும் உதிரி, துணைக்கருவித் தலைப்பான 8466இல் சேர்த்துவிடலாமா?

கூடாது. ஹாப் 8207, கிரைண்டிங் சக்கரம் 6804, பால் ஸ்க்ரூ 8483, சி.என்.சி. கட்டுப்பாட்டுப் பலகை 8537. கியர் அளக்கும் கருவி 9031. வேலைப்பொருளைப் பிடிக்கும் சாதனம் மட்டும் 8466.20. தனி விலையின்றி இயந்திரத்தோடு கட்டாயமாக வழங்கப்படும் துணைக்கருவிகளுக்கு, 1963ஆம் ஆண்டின் துணைக்கருவி விதிகள் இயந்திரத்தின் தீர்வை விகிதத்தையே அனுமதிக்கின்றன.

கேள்வி: ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள ஹாப்பிங் இயந்திரத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?

சலுகை எதுவும் இல்லையென்றால், அடிப்படைத் தீர்வை 7,50,000 ரூபாய். அதன் மேல் பத்து விழுக்காடு சமூக நல மிகைவரி 75,000. இவற்றையும் சேர்த்த 1,08,25,000 ரூபாயின் மேல் 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. 19,48,500. மொத்தம் 27,73,500 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி.யைத் தகுதியுள்ளோர் உள்ளீட்டு வரவாக (பின்னர் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். எனவே உண்மைச் செலவு முதல் இரண்டு தொகைகளே. பதியும் நாளின் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ஓடிய பழைய இயந்திரத்துக்கு வேறு குறியீடா?

குறியீடு மாறாது, மாறுவது மதிப்பீடுதான். தயாரித்த ஆண்டு, புதிதாக இருந்தபோதைய விலை, பழுதுபார்த்த விவரம் ஆகியவற்றோடு பட்டயப் பொறியாளரின் சான்றிதழைக் கப்பல் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.