பழனிக்கு நடந்தோம், சிரித்தோம், தப்பா?

கேள்வி: எனக்கு 38 வயது. போன தைப்பூசத்துக்கு நானும் என் மாமியாரும் (64) ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு ஒரே நாளில் நடந்து போனோம். கல்யாணமாகி 12 வருஷத்தில், ‘சாப்பிட்டாச்சா’, ‘கேஸ் தீர்ந்துடுச்சு’ தவிர நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டது கிடையாது. அன்றைக்கு வழி முழுக்க ஒரே பேச்சு. சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் டூரிங் டாக்கீஸுக்குப் போய் மாட்டிக்கொண்ட கதையை அத்தை சொல்ல, ஆயக்குடியில் வாங்கிய கொய்யாவைக் கடித்தபடி வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பி வந்ததும் நாத்தனார், “விரதம் இருந்து போனீங்களா, பிக்னிக் போனீங்களா?” என்று கேட்டுவிட்டார். அது உறுத்துகிறது. வீட்டிலும் பழையபடி மௌனம்தான். அடுத்த தடவை திண்டுக்கல்லிலிருந்தே நடக்கணும் என்கிறார் அத்தை. அவருக்குச் சர்க்கரை உண்டு. அழைத்துப் போகலாமா?
- வாசகி, மதுரை

பதில்: மாலை போட்டீர்கள், விரதம் இருந்தீர்கள், சுமார் 30 கிலோமீட்டர் நடந்தீர்கள், சாமி கும்பிட்டீர்கள். இதில் நாத்தனார் எதைக் குறைத்துச் சொல்கிறார்? சிரிக்கக்கூடாது என்று எந்த விரதத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை. தமிழில் ‘வழிநடைச் சிந்து’ என்றே ஒரு பாட்டு வகை இருக்கிறது. நடந்து போகிறவர், கூட வருகிறவருக்கு வழியில் வரும் ஊரையும் சோலையையும் காட்டிக்காட்டிப் பாடுவது. நம் முன்னோர்கள் வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் இது எப்படி வந்திருக்கும்? அவ்வளவு ஏன், இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பனே களைப்பாறத்தானே பழனியில் இறக்கி வைத்தான்!

எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகப் பட்டது அந்த மௌனம்தான். வீட்டில் அத்தையும் நீங்களும் பார்த்துக்கொள்கிற இடம் பெரும்பாலும் அடுப்படி. அங்கே யார் கை மேலே என்பது முடிவாகாத கணக்கு. சாலையில் அந்தக் கணக்கே இல்லை. சமையல் அன்னதானப் பந்தல்காரர் பாடு. மோர் நீட்டுகிற பையனுக்கு மாமியாரும் சாமி, மருமகளும் சாமி. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதும் இல்லை. இருவர் கண்ணும் ரோட்டில் இருக்க, வாய் தானாகத் திறக்கும். நான் திண்டுக்கல்லிலிருந்து நடந்தபோது என் சித்தியும் கூட வந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும், எங்கள் குடும்பத்தில் 20 வருஷமாக யாருமே பேசாத ஒரு நிலத் தகராறை வெகு சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் திரும்பியதும் அவரும் கப்சிப். ஆகவே உங்கள் அத்தை மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இடம்தான் மாறியிருக்கிறது.

சரி, திண்டுக்கல். அங்கிருந்து பழனி கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், போன தடவையைப்போல இரண்டு மடங்கு. ஒரே மூச்சில் வேண்டாம், மூன்று நாளாகப் பிரியுங்கள். விடியலுக்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒரு பந்தலில் படுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி நடக்கலாம். தை மாதப் பனிக்கு அத்தைக்கு ஒரு மஃப்ளர் அவசியம். பாதயாத்திரைக்காரர்களுக்கென்று போட்ட நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்காதீர்கள். இருட்டில் நடந்தால் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கட்டும்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அத்தை வெறுங்காலோடு நடக்கக்கூடாது. நாள்பட்ட சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கிப் போகும். கொப்புளம் உடைந்தாலும், முள் குத்தினாலும் தெரியாது. புண்ணாகிப் புரையோடிய பிறகுதான் தெரியும். பழகிய செருப்பு, பருத்தி சாக்ஸ், இரண்டும் வேண்டும். வேண்டுதல் அது இது என்று அவர் மறுத்தால், முருகனிடம் நான் பொறுப்பு என்று சொல்லுங்கள். தினமும் ராத்திரி படுக்குமுன் டார்ச் அடித்து அவர் பாதத்தை விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடப்பதும் ஆபத்து, பந்தலுக்குப் பந்தல் கேசரி வாங்குவதும் ஆபத்து. அத்தனை தூரம் நடக்கும்போது மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தலை சுற்றினால் வாயில் போட நாலு சர்க்கரைக் கட்டி உங்கள் பையில் இருக்கட்டும். மலைக்கு மேலே போக விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. படி ஏறியே தீருவேன் என்று அவர் நின்றால் அது உங்கள் இருவர் பாடு!

அப்புறம், 64 வயதில் 60 கிலோமீட்டரைத் திடீரென்று நடக்க முடியாது. கார்த்திகையிலேயே பழக வேண்டும். முதலில் தினமும் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். கூட யார் போவது? நீங்கள்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, “அத்தை, பழனிக்குப் பழக வேண்டாமா?” என்று கேட்டுச் செருப்பை மாட்டுங்கள். டூரிங் டாக்கீஸில் மாட்டிக்கொண்ட பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே. கேட்டு வையுங்கள்.

நாத்தனாரையும் கூப்பிட்டுப் பாருங்கள். வந்தால், ஆயக்குடிக் கொய்யாவுக்கு உப்பு மிளகாய்ப்பொடி எடுத்து வரும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.